கட்டணச் சீட்டும் கண்ணீரும்

நள்ளிரவு. நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, நாற்காலியிலே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். உள்ளே அவள் கணவன். கொத்தனார் வேலை முடித்து இருசக்கர வண்டியிலே வீடு திரும்பியவன்; லாரி மோதி வீழ்ந்தவன். மூன்று நாட்களாகக் கருவியின் துணையால் மார்பு ஏறி இறங்குகிறது; மூளையோ மாண்டுவிட்டது என்கிறார்கள் மருத்துவர்கள். இப்படி ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அதற்காக மெத்தச் சிரமப்பட வேண்டியதில்லை. உங்களிலே பலர் அந்தக் கதவருகே நின்றவர்கள்தாம். ஊரிலே எவருக்கு விபத்து நேரிட்டாலும் முதலில் ஓடுபவன் கட்சித் தோழன் அல்லவா!

அந்தத் தாயைத் தேடி இருவர் வருகிறார்கள். ஒருவர் கையிலே கட்டணச் சீட்டு. மற்றவர் கையிலே ஒப்புதல் படிவம். "இவ்வளவு பாக்கி இருக்கிறதம்மா" என்கிறார் முன்னவர். "உங்கள் கணவரின் சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் சிலரை வாழவைக்கும் அம்மா" என்கிறார் பின்னவர். இருவரும் கெட்டவர்கள் அல்லர். தத்தம் கடமையைத்தான் செய்கிறார்கள். ஆனால், படிவம் நீட்டப்படும்போது கட்டணச் சீட்டு அந்தத் தாயின் மடியிலே கிடக்கிறதா, இல்லையா? அதைப் பொறுத்து, அவள் சொல்லும் 'சரி' கொடையாகவும் ஆகலாம், விலையாகவும் ஆகிவிடலாம். இன்று உங்களோடு பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டின் செயல் மீள முடியாதபடி நின்றுபோவதை, உறுப்புக் கொடையின் பொருட்டு, மரணம் என்று ஏற்றது. ஒரு மருத்துவர் சொன்னால் போதாது. நால்வர் கொண்ட குழு சொல்ல வேண்டும். ஒரு சோதனை போதாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியிலே இருமுறை சோதித்திட வேண்டும். உற்றாரின் ஒப்புதல் இல்லாமல் ஓர் உறுப்பையும் எடுத்திடக் கூடாது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, அந்தக் குற்றத்திற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம். மனித உடல் சந்தைச் சரக்கு அல்ல என்று சட்டம் உரக்கச் சொல்லியிருக்கிறது, வரவேற்போம்.

செலவு பற்றியும் பேசாமல் விட்டுவிடவில்லை. 2014ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிகள் கூறுவது இது: மூளைச்சாவு அறிவிக்கப்பட்டவரின் உடலைப் பேணும் செலவு, உறுப்புகளை எடுக்கும் செலவு, அவற்றைக் கெடாமல் காக்கும் செலவு, கொண்டு சேர்க்கும் செலவு ஆகிய எதுவும் கொடையளிக்கும் குடும்பத்தின் தலையிலே விழக்கூடாது. பெறுபவர் ஏற்கலாம், மருத்துவமனை ஏற்கலாம், அரசு ஏற்கலாம், தொண்டு அமைப்பு ஏற்கலாம். யார் என்பதை மாநில அரசு முடிவு செய்யலாம்.

நல்ல விதிதான். ஆனால், எந்த நேரத்திலிருந்து இந்தப் பாதுகாப்பு? மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட நேரத்திலிருந்து! அதற்கு முந்திய மூன்று நாள் கணக்கு? மண்டையைத் திறந்து செய்த அறுவைக்கான கணக்கு? மருந்துக் கணக்கு, இரத்தக் கணக்கு, ஸ்கேன் கணக்கு? அவை எல்லாம் அந்தத் தாயின் மடியிலே அப்படியே இருக்கின்றன. உயிரைக் காக்கச் செய்த செலவு குடும்பத்துக்கு. உயிர் போன பிறகு உறுப்பைக் காக்கச் செய்யும் செலவு பிறர்க்கு! விதி வகுத்தவர்கள் கோடு போட்ட இடம் இது.

அந்த முந்திய நாட்களுக்கும் ஆதரவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விபத்தில் அடிபட்டு வந்தவனை, சட்டச் சம்பிரதாயங்களைக் காட்டி எந்த மருத்துவரும் காக்க வைத்திடக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்துக்கு ஆளானவர் எந்த ஊரினராயினும் எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரையறுத்த தொகைவரை, அரசே ஏற்கும் என்றது. 2025 மே மாதத்தில் மத்திய அரசும், ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, 7 நாட்கள் வரை, கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிவகுத்து அறிவிக்கை வெளியிட்டது. அரசு மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இவை மக்களாட்சியின் மாண்பு கூறும் நற்செயல்கள்.

ஆயினும், மூளை சாவதற்குக் கடிகாரம் தெரியாது, தோழர்களே! 48 மணி நேரத்திற்குள் முடிவு தெரிந்திட வேண்டும் என்று எந்த நோயாளியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. மூன்றாம் நாள் ஆகலாம், ஐந்தாம் நாள் ஆகலாம். வரையறுத்த தொகை முதல் நாளிலேயே தீர்ந்துவிடலாம். திட்டத்தில் சேராத மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதுமட்டுமா? மூளைச்சாவு சாலையிலே மட்டும் நிகழ்வதில்லை. சாரம் சரிந்து வீழ்கிறான் ஒருவன். தென்னை மரத்திலிருந்து தவறி விழுகிறான் ஒருவன். மூளையிலே இரத்தக் குழாய் வெடித்துச் சமையற்கட்டிலே சாய்கிறாள் ஒருத்தி. சாலை விபத்துக்கென்று வந்த திட்டம் அவர்களைத் திரும்பிப் பார்க்காது.

பெறுகிற ஏழைக்குக் கைகொடுக்க முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உறுப்பு மாற்று அறுவைக்கும் அது உதவுகிறது. மனம் நிறைய மகிழ்வோம். பெற்றவன் வீடு கடன்படாமல் மீள வழி கண்டோம். கொடுத்தவன் வீடு கடனிலே மூழ்கக் கண்டும் காணாதிருக்கலாமா?

2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தமிழகச் சாலையிலே விபத்துக்குள்ளானார். சேலத்திலே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், மூளைச்சாவு அறிவிக்கப்பட்டது, உறுப்புகள் எடுக்கப்பட்டன. கட்டணத்தைக் கட்ட இயலாத நிலையைக் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், அன்றைய தமிழக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். குற்றச்சாட்டின் மெய்யும் பொய்யும் அறிவது விசாரணையின் வேலை. நாம் தீர்ப்பெழுத வேண்டாம். ஆனால், அப்படி ஓர் ஐயம் எழுவதற்கு இடம் இருந்ததே, அது போதாதா நாம் வெட்கப்பட? கட்டணமும் கொடையும் ஒரே அறையிலே, ஒரே இரவிலே, ஒரே மேசைமீது வைக்கப்படும் வரையில், நேர்மையான மருத்துவர்மீதும் அந்த ஐயத்தின் நிழல் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

குமணனை அறிவீர்கள். நாட்டை இழந்து காட்டிலே வாழ்ந்த காலத்திலும், பாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குத் தர வேறொன்றும் இல்லாமையால், தன் தலையையே கொய்துகொள்ளுமாறு வாளை நீட்டினானாம் அந்த வள்ளல். ஏன் தலையை நீட்டினான்? அந்தத் தலைக்கு அவன் தம்பி இளங்குமணன் விலை வைத்திருந்தான்! தலை தந்தவனைத் தமிழ் ஏற்றிப் போற்றுகிறது. தலைக்கு விலை வைத்தவனை எவரும் போற்றவில்லை. வாளை வாங்கிக்கொண்ட புலவனோ தலையைக் கொய்யவில்லை. குடிமக்களிடம் குமணன் நெஞ்சத்தை எதிர்பார்க்கும் அரசு, எக்காரணம் கொண்டும் இளங்குமணன் இடத்திலே போய் நின்றிடக் கூடாது.

"விலை எங்கே வைத்தோம்? ஒரு காசும் கொடுக்கவில்லையே!" என்பர் சட்ட நுணுக்கம் பேசுவோர். கேட்கிறேன்: ஒப்பினால் கட்டணம் தள்ளுபடி, ஒப்பாவிட்டால் கட்டணம் முழுதும் என்று ஒரு நிலை வந்திடுமானால், அந்தத் தள்ளுபடிக்குப் பெயர் என்ன? கையிலே கொடுத்தால்தான் காசா? கடனிலே கழித்தால் அது காசு இல்லையா?

மற்றொரு பக்கத்திலிருந்து, "கொடையாளர் குடும்பத்தின் ஈமச் செலவை அரசு கொடுத்திடலாமே" என்று கூறுவோரும் உண்டு. உலகம் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1994இல் அதற்கென ஒரு நிதிக்குச் சட்டம் செய்தது. அது உறுப்புக்குக் கொடுக்கும் விலை ஆகிவிடுமோ என்ற அச்சம் நடைமுறையைத் தடுத்தது. பிரிட்டனில் நஃபீல்டு உயிரியல் அறநெறிக் குழு, 2011இல், ஈமச் செலவை ஏற்கும் முறையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அச்சப்பட்டவர் சொல்லிலும் பொருளுண்டு. பரிந்துரைத்தவர் நெஞ்சிலும் ஈரமுண்டு. இரண்டுக்கும் இடையிலே வழி இல்லையா? இருக்கிறது. கொடைக்காகக் கொடுக்காதீர்கள், இழப்புக்காகக் கொடுங்கள். ஒப்பியவருக்கும் கொடுங்கள், ஒப்பாதவருக்கும் கொடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்!

ஒப்பாதவர் என்றேனே, அவர் நிலை இன்னும் கொடுமையானது. உறுப்புக் கொடையின் பொருட்டு மூளைச்சாவை மரணம் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருக்க, பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டமோ, உயிரின் அடையாளங்கள் அனைத்தும் நிலையாக மறைவதையே மரணம் என்கிறது. ஒப்பினால் இறந்தவன், ஒப்பாவிட்டால்? கருவியை நிறுத்திடலாமா, கூடாதா என்று மருத்துவர் தயங்குகிறார். தயக்கம் நீள்கிறது, கட்டணமும் நீள்கிறது. கேரள அரசு 2020இல் வழிகாட்டு நெறிகளை வகுத்து, கொடை உண்டோ இல்லையோ, மூளைச்சாவு சாவே என்று தெளிவுபடுத்தியது. அண்டை வீட்டார் ஏற்றிய விளக்கு. அதன் ஒளியிலே நாமும் நடக்கலாம்.

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்புக் கொடை அளித்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். குடிசை வீட்டுக் கூலித் தொழிலாளியின் உடலுக்கு அதிகாரிகள் மலர்வளையம் வைத்து வணங்கிய காட்சியை நாடு கண்டது. 2024இல் தமிழ்நாட்டில் 268 பேர் இறந்தபின் உறுப்புக் கொடை அளித்தனர். மலர்வளையம் மாண்புடையது. ஆனால், அந்த மலர்வளையம் வந்து சேர்வதற்குள், அந்தத் தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமானால், மரியாதை முழுமை பெற்றதாகுமா?

"கஜானா தாங்குமா?" என்று கேட்பர். சிறுநீரகம் பழுதுற்றவர் வாரத்திலே இருமுறை, மும்முறை டயாலிசிஸுக்குப் படுக்கிறார்; வேலை இழக்கிறார், குடும்பம் நலிகிறது. ஒருவர் தரும் இரு சிறுநீரகங்கள் இருவரை அந்தப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். அப்படி எழுந்தவர் ஈட்டுவதையும் கணக்கிலே சேர்த்துவிட்டு, பிறகு கஜானாவைப் பற்றிப் பேசட்டும்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று: எதிர்பாராது வீழ்ந்து தீவிர சிகிச்சை பெறுபவருக்கு, அது சாலையாயினும் சாரமாயினும் சமையற்கட்டாயினும், மூளைச்சாவு உறுதிப்படும் நேரம்வரை ஆகும் செலவை அரசும் காப்பீடும் ஏற்றிட வேண்டும். இரண்டு: மூளைச்சாவு உறுதியான அந்த நிமிடத்திலிருந்து, குடும்பம் ஆம் என்றாலும் இல்லை என்றாலும், ஒரு காசும் கட்டணம் ஏறக்கூடாது. மூன்று: கணக்கு தீர்ந்தது என்று எழுத்திலே கொடுத்த பிறகே, ஒப்புதல் படிவத்தை எவரும் நீட்ட வேண்டும்.

சட்டம் வரும் வரையில் நாம் கைகட்டி நிற்பதா? நமக்கும் வேலை இருக்கிறது. கதவருகே நிற்கும் குடும்பத்தோடு நில்லுங்கள். விவரமான கணக்கை எழுத்திலே கேட்டு வாங்குங்கள். எந்தத் திட்டத்திலே எவ்வளவு கிடைக்கும் என்று விசாரியுங்கள். பாக்கிக்காக உடலைப் பிடித்து வைத்திடக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமை சாசனம் கூறுவதை எடுத்துரையுங்கள். பொழுது சாய்ந்த பின்னும் உடற்கூறு ஆய்வு செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு இசைவளித்ததையும், அதிலே உறுப்புக் கொடைக்கு முன்னுரிமை தந்ததையும் நினைவூட்டுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "ஒப்பிவிடுங்கள், பாக்கியைத் தள்ளிவிடுவார்கள்" என்று நல்லெண்ணத்தால்கூடச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் கொடையைக் கொன்றுவிடும்.

அந்த மூன்றாம் மாடிக்குத் திரும்புவோம். தாய் அதே நாற்காலியிலே அமர்ந்திருக்கிறாள். ஒரே ஒருவர்தான் அவளிடம் வருகிறார். கையிலே படிவம் மட்டுமே இருக்கிறது. "உங்கள் கணக்கு தீர்ந்தது அம்மா. நீங்கள் எந்தப் பதில் சொன்னாலும் அது மாறாது" என்று கூறிவிட்டு, பிறகு கேட்கிறார். அவள் அழுகிறாள், யோசிக்கிறாள், மகனைப் பார்க்கிறாள். ஆம் எனலாம், இல்லை எனலாம். எதைச் சொன்னாலும் அது அவள் சொல்லாக இருக்கும். கடன்காரனின் சொல்லாக இருக்காது.

அந்த உரிமையை அவளுக்குப் பெற்றுத் தருவோம், தோழர்களே!