மூணு வருஷமும் அதே 27 பாயிண்ட்! சென்னையின் எப்.சி. ரசிகர்களை ஏமாற்றும் பிளே ஆப் கணக்கு

சென்னை: "இன்னும் சான்ஸ் இருக்குப்பா... கணக்கு போட்டுப் பாரு!"

சென்னையின் எப்.சி. ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், சீசன் முடியப் போகும் நேரத்தில் கட்டாயம் காதில் விழும் வசனம் இது. வியாசர்பாடி டீக்கடையாக இருந்தாலும் சரி, பெரியமேடு நேரு ஸ்டேடியம் வாசலாக இருந்தாலும் சரி. பேப்பரும் பேனாவும் எடுத்து, "நாம மிச்சம் இருக்கிற நாலையும் ஜெயிக்கணும், ஒடிசா ரெண்டு தோக்கணும், மும்பை ஒண்ணு டிரா பண்ணணும்" என்று ஆரம்பித்து விடுவார்கள்.

கணக்கு போடுவதில் தப்பில்லை. ஆனால் போடுகிற கணக்குதான் தப்பு!

ஐ.எஸ்.எல். கால்பந்தில் 2022-23 சீசனில் சென்னை அணி எடுத்தது 27 பாயிண்ட். 2023-24ல் எடுத்தது 27 பாயிண்ட். 2024-25ல் எடுத்ததும் அதே 27 பாயிண்ட்தான். மூணு வருஷமும் ஒரே நம்பர். ஆனால் பிடித்த இடமோ 8, 6, 11!

முதல் வருஷம் மூணு பாயிண்டில் பிளே ஆப் வாய்ப்பு போச்சு. இரண்டாம் வருஷம் உள்ளே போயாச்சு. மூணாம் வருஷம் 13 அணிகளில் 11வது இடம். இதைப் பார்க்கும் ரசிகர், "நம்ம டீம் அப்படியேதான் இருக்கு, மத்தவங்கதான் ஒரு வருஷம் சொதப்புறாங்க, ஒரு வருஷம் நல்லா ஆடுறாங்க" என்று நினைத்துக் கொள்கிறார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த 27 மூணும் ஒண்ணு இல்லை.

2022-23ல் 11 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 20 மேட்ச். 2023-24ல் 12 அணிகள், 22 மேட்ச். 2024-25ல் 13 அணிகள், 24 மேட்ச். அதாவது 20 மேட்சில் எடுத்த பாயிண்டை எடுக்க அடுத்த வருஷம் 22 மேட்ச் ஆனது. அதற்கடுத்த வருஷம் 24 மேட்ச் ஆனது. மேட்சுக்கு 1.35 என்று இருந்தது 1.23 ஆகி, கடைசியில் 1.13க்கு வந்து நின்றது.

தினக்கூலி வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். போன மாசம் 20 நாள் வேலை செய்து வாங்கின காசை, இந்த மாசம் 24 நாள் வேலை செய்து வாங்கினால் அதற்குப் பேர் அதே சம்பளமா? கூலி குறைஞ்சு போச்சு என்றுதானே அர்த்தம்!

ஆக, 2023-24ல் பிளே ஆப் போனது முன்னேற்றம் மாதிரி தெரிந்தாலும், நிஜத்தில் அணி முந்தின வருஷத்தை விட கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. காப்பாற்றியது மற்ற அணிகளின் தடுமாற்றம். 7வது இடம் வந்த நார்த் ஈஸ்ட் எடுத்தது 26. ஈஸ்ட் பெங்காலும் பஞ்சாப்பும் 24. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் சென்னை கரையேறியது.

அதுவும் எப்படி? 2024 ஏப்ரல் 9ம் தேதி சென்னையில் நார்த் ஈஸ்ட் அணியை 2-1 என்று ஜெயித்தார்கள். மறுநாள் டெல்லியில் பஞ்சாப்பிடம் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று உதை வாங்கியது. அந்த ரிசல்ட்தான் சென்னைக்கு டிக்கெட் கொடுத்தது. சென்னை களத்திலேயே இறங்காத ஒரு மேட்ச்!

ஒன்றரை பாயிண்ட் விதி

சரி, எவ்வளவு எடுத்தால் பிளே ஆப் நிச்சயம்? ரசிகர்கள் ஆளுக்கொரு நம்பர் சொல்வார்கள். பழைய டேபிளை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வருகிறது. மேட்சுக்கு ஒன்றரை பாயிண்ட்.

2022-23ல் 20 மேட்ச். ஒன்றரை வீதம் 30. அந்த வருஷம் 6வதாக உள்ளே போன ஒடிசா எடுத்தது சரியாக 30. 2024-25ல் 24 மேட்ச். ஒன்றரை வீதம் 36. அந்த வருஷம் 6வதாக வந்த மும்பை எடுத்தது சரியாக 36! நடுவில் 2023-24ல் 22 மேட்சுக்கு 33 வர வேண்டும். 33 எடுத்த கேரளா பிளாஸ்டர்ஸ் 5வது இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. 27க்கு ஆறாவது இடம் கிடைத்தது அந்த ஒரு வருஷ அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தை அளவுகோலாக வைத்துக் கொண்டதுதான் அடுத்த வருஷம் ரசிகர்களுக்கு வினையானது. "போன வாட்டி 27க்கே போனோமே" என்ற பேச்சு 2025 பிப்ரவரியில் எடுபடவே இல்லை. 3, 4, 5வது இடங்களில் பெங்களூரு, நார்த் ஈஸ்ட், ஜாம்ஷெட்பூர் மூணும் தலா 38 பாயிண்டோடு நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. சென்னைக்கும் 6வது இடத்துக்கும் 9 பாயிண்ட் தூரம். மூணு மேட்ச் ஜெயித்தால்தான் தொட முடியும்.

2015 மறுபடி வருமா?

இந்த இடத்தில் எந்த சென்னை ரசிகரும் சும்மா இருக்க மாட்டார். "2015ல என்னாச்சு தெரியுமா?" என்று மேஜையைத் தட்டுவார். தட்டுவதற்கு நியாயமும் இருக்கிறது.

அப்போது 8 அணிகள், 14 மேட்ச், முதல் நாலு இடத்துக்கு செமி பைனல். 10 மேட்ச் முடிந்தபோது சென்னையின் கையில் இருந்தது 10 பாயிண்ட். டேபிளில் அடிமட்டம். மெடராசி கோச். மிச்சம் இருந்த நாலு மேட்சையும் ஜெயித்து 22 பாயிண்டோடு 3வது இடம் பிடித்தார்கள். டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மிதக்க, சொந்த ஊரில் ஆட வேண்டிய செமி பைனலை புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20ம் தேதி கோவாவில் பைனல். 87வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. எல்லாம் முடிந்தது என்று டி.வி.யை ஆப் பண்ணியவர்கள் இன்றைக்கும் வருத்தப்படுவார்கள். 90வது நிமிஷத்தில் கோவா கோல் கீப்பரின் சேம் சைடு கோல், அடுத்து கூடுதல் நேரத்தில் மெண்டோசா அடித்த கோல். 3-2. கப் சென்னைக்கு!

வீடு வாசல் எல்லாம் தண்ணீரில் போன ஊருக்கு அந்த கப் என்னவாக இருந்தது என்பதை சென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது 2019-20. இது இன்னும் மோசமான ஆரம்பம். முதல் 4 மேட்சில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. 6 மேட்சில் 5 பாயிண்ட். கோச் ஜான் கிரிகோரி விலக, ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காய்ல் வந்தார். வந்தவுடனே மாயம் எதுவும் நடக்கவில்லை. 10 மேட்ச் முடிந்தபோதும் 9 பாயிண்ட்தான். அதன் பிறகுதான் அணி கிளம்பியது. கடைசி 8 மேட்சில் 6 வெற்றி, 2 டிரா. கொச்சியிலேயே கேரளாவை 6-3 என்று பந்தாடியது. 2020 பிப்ரவரி 21ம் தேதி, 4வது இடத்துக்கு நேரடிப் போட்டியில் இருந்த மும்பையை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று ஜெயித்தது. மும்பை 26 பாயிண்டோடு வெளியே, சென்னை 29 பாயிண்டோடு உள்ளே.

அந்த சீசனில் வால்ஸ்கிஸ் அடித்த கோல்கள் 15. செமி பைனலில் கோவாவை இரண்டு மேட்சும் சேர்த்து 6-5 என்று வென்று, பைனலில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் நடந்தது அந்த பைனல்.

இந்த இரண்டு கதையும் நிஜம். ஆனால் இதில் ஒளிந்திருக்கும் நம்பரை யாரும் சொல்வதில்லை. 2015ல் கடைசி 4 மேட்சில் 12க்கு 12. 2020ல் கடைசி 8 மேட்சில் 24க்கு 20. மேட்சுக்கு இரண்டரை பாயிண்டும் அதற்கு மேலும்! 2024-25ல் லீக்கில் முதலிடம் பிடித்த மோகன் பகான் கூட 24 மேட்சில் 56தான் எடுத்தது. இரண்டரைக்குக் கீழே.

அதாவது, பாதி சீசனைக் கோட்டை விட்ட அணி திரும்பி வர வேண்டும் என்றால், மீதி சீசனை சாம்பியனை விட நன்றாக ஆட வேண்டும். பத்து வருஷத்தில் இரண்டு முறை நடந்தது. மற்ற வருஷங்களில் பேப்பரும் பேனாவும்தான் மிச்சம்.

டிராவை நம்பினால் தெருவில்தான்

இன்னொரு நினைப்பும் ரசிகர்களிடம் உண்டு. "தோக்காம இருந்தா போதும்." இதற்கு பதில் 2020-21 சீசன். மேட்ச் எல்லாம் கோவாவில் பூட்டிய ஸ்டேடியத்தில் நடந்த வருஷம். சென்னை 20 மேட்சில் தோற்றது வெறும் 6. கேட்க நன்றாக இருக்கிறதா? ஜெயித்தது 3. டிரா செய்தது 11! மொத்தம் 20 பாயிண்ட், 8வது இடம். அடுத்த வருஷம் 10 மேட்ச் தோற்று, 5 ஜெயித்து, 5 டிரா. அப்போதும் அதே 20, அதே 8வது இடம். நாலு தோல்வி கூடுதலாக வாங்கியும் பாயிண்ட் குறையவில்லை. கூட ஜெயித்த இரண்டே மேட்ச் சரிக்கட்டி விட்டது.

ஒரு வெற்றிக்கு மூணு டிரா சமம். 80வது நிமிஷத்தில் 1-1 என்று இருக்கும்போது பின்னால் போய் அடைத்துக் கொள்ளும் அணிக்கு ஒன்றரை பாயிண்ட் விதி எட்டாது.

உள்ளே போனாலும்...

ஆறாவது இடத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்களே, அதில் போனவர்கள் என்ன ஆனார்கள்? 2022-23ல் இருந்து முதல் இரண்டு இடத்துக்கு நேரடியாக செமி பைனல். 3ம் இடமும் 6ம் இடமும், 4ம் இடமும் 5ம் இடமும் ஒரே ஒரு நாக் அவுட் மேட்ச். அதுவும் மேலே இருக்கும் அணியின் ஊரில்.

2023ல் ஒடிசா 2-0 என்று தோற்றது. 2024ல் சென்னை கோவாவில் 2-1 என்று தோற்றது. 2025ல் மும்பை பெங்களூருவில் 5-0 என்று நொறுங்கியது. ஆறாவதாகப் போன மூணு அணியும் முதல் மேட்சிலேயே மூட்டை கட்டின!

பிளே ஆப் என்றாலே குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வோரும் உண்டு. 2014ல் லீக்கில் முதலிடம் பிடித்த சென்னை, செமி பைனலில் கேரளாவிடம் 4-3 என்ற மொத்த கணக்கில் வெளியேறியதை அவர்கள் உதாரணம் காட்டுவார்கள். அது இரண்டு மேட்ச் செமி பைனல். வெளியூரில் 3-0 என்று கோட்டை விட்டு, சென்னையில் கூடுதல் நேரம் வரை போராடிப் பார்த்தும் பலிக்கவில்லை. ஆனால் 2017-18ல் 2வது இடம் பிடித்துப் போன அணி, 2018 மார்ச் 17ம் தேதி பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று சாய்த்து கப்பைத் தூக்கியது. வியாசர்பாடி மண்ணில் இருந்து போன தன்பால் கணேஷ் அந்த அணியில் இருந்தார். கோவாவுக்கு எதிரான செமி பைனலில் கோலும் அடித்தார். வட சென்னைக்காரர்கள் சாம்பியன் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்வது அதனால்தான்.

அதே சாம்பியன் அணி அடுத்த வருஷம் 18 மேட்சில் 9 பாயிண்டோடு கடைசி இடம் வந்தது தனிக் கதை. அதை எந்த ரசிகரும் டீக்கடையில் எடுப்பதில்லை!

இப்போது கணக்கே மாறிப் போச்சு

2025ல் பிளே ஆப் பேச்சே அடிபட்டுப் போனது. இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிற நிலையில், புது சீசன் நடக்குமா என்பதே கேள்வியானது. ஆகஸ்டில் சென்னையின் எப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. எத்தனையாவது இடம் என்று கேட்டுக் கொண்டிருந்த ரசிகர், அணி இருக்குமா என்று கேட்க வேண்டி வந்தது. ஆட்டக்காரர்கள் முதல் மைதான ஊழியர்கள் வரை எல்லோருடைய சம்பளமும் இதில்தான் இருக்கிறது.

கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவிப்பு வெளியிட்டார். பிப்ரவரி 14ம் தேதி தொடக்கம், 14 அணிகள், 91 மேட்ச். ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு முறை மோதினாலே 91 வந்து விடும். ஆக, ஆளுக்கு 13 மேட்ச். பிளே ஆப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

13 மேட்ச் லீக்கில் ஒன்றரை வீதம் எடுத்தால் 20 கூட வராது. அது நடு டேபிள். முதலிடம் வேண்டும் என்றால் மோகன் பகான் கணக்கில் மேட்சுக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். அப்படிப் பார்த்தால் 13 மேட்சில் 27 எடுக்கும் அணி கப்புக்குப் பக்கத்தில் நிற்கும். மூணு வருஷம் சென்னை எடுத்த அதே 27!

பிளே ஆப் மறுபடி வரும் சீசனில், "சான்ஸ் இருக்குப்பா" என்று யாராவது ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பத்தாவது மேட்ச் முடிஞ்சப்போ கையில 15 இருந்துச்சா?