பணம் மட்டும் போதுமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் என்னைத் தனியே அழைத்தார். "சார், குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். பார்க்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று கண்கலங்கினார். அவருக்கும் குழந்தையின் தாய்க்கும் திருமணம் ஆகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? திருமணமாகாத பெற்றோரின் குழந்தைக்கும் தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் இருந்த இக்கடமை, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவில் தொடர்கிறது. ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, இத்தகைய குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய்; அவருக்குப் பின்னரே தந்தை. தாய் இசையாவிட்டால், பார்க்கும் அனுமதியை அவர் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே குழந்தையின் நலனே முதற்கேள்வி.

தாய்க்கு முதலிடம் தந்ததில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளையைச் சுமந்தவரும் அவரே, ஊர்ப்பழியைச் சுமப்பவரும் அவரே. "பார்க்க விடாவிட்டால் பணம் கிடையாது" என்று எந்தத் தந்தையும் பேரம் பேசக் கூடாது. குழந்தையின் சோறு பணயப் பொருளல்ல. ஆனால், ஓடி ஒளியாமல் பொறுப்பேற்று வந்து நிற்பவருக்குக் கதவை அடைப்பதும் நியாயமா? தாயின் மனத்தாங்கல் நியாயமாகவே இருக்கலாம். அதற்கான தண்டனை குழந்தைக்கு எதற்கு?

ஊரில் என்றால் பேசித் தீர்க்க மாமா, சித்தப்பா என்று நாலு பேர் இருப்பார்கள். இங்கே நமக்கு நாமே உறவு. வம்பு பேசுவதை விட்டு, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினால் என்ன?