மாடு ஒண்ணும் பெரிய சைஸ் எலி இல்லீங்க

தலைப்பைப் பார்த்துட்டு கால்நடைத்துறை சுற்றறிக்கைன்னு ஓடிடாதீங்க மக்கா. பொட்டி தட்டுறவனுக்கு மாட்டுக் கருவுல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்: அங்கே நடக்கறது முழுக்க முழுக்க மெசேஜ் பாஸிங். நம்ம ஏரியாதான் :-)

என் கடுப்பு இதுதான். கருவோட ஆரம்ப நாட்களைப் பத்தி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "பாலூட்டிகளில்" என்று ஆரம்பிக்கும். உள்ளே போய்ப் பார்த்தா அத்தனையும் சுண்டெலி. எலியில் கண்டதை எல்லாத்துக்கும் பொது விதியாக்கி, மாட்டை ஏதோ எலியோட ஜூம் பண்ணின வடிவம் மாதிரி நடத்துறது சரியில்லைங்கறது என் கட்சி.

ஏன்னு சொல்றேன். மாட்டுக்குப் பருவச் சுழற்சி சுமார் 21 நாள். முட்டை வெளியான இடத்துல மஞ்சள் உடலம்னு ஒண்ணு உருவாகி புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கர்ப்பம் நிக்கணும்னா இது உயிரோட இருக்கணும். ஆனா ஏறத்தாழ 16, 17ஆம் நாள் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி அதை அழிச்சிடும். இதுதான் டீஃபால்ட் செட்டிங். உள்ளே கரு இருக்குன்னா, அது அதுக்கு முன்னாடியே குரல் கொடுத்தாகணும்.

எம்பெடட் பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு வாட்ச்டாக் டைமர் தெரியும். "நான் இருக்கேன்"னு ப்ரோக்ராம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஒரு தட்டு தட்டணும். தட்டலைன்னா சிஸ்டம் ரீசெட். மாட்டுக் கரு தட்டுற அந்தத் தட்டுக்குப் பேர் இன்டர்ஃபெரான் டௌ. அது கருப்பைச் சுவர்ல ஆக்சிடோசின் ஏற்பிகள் பெருகாம தடுக்குது. அதனால புரோஸ்டாகிளாண்டின் அலை அலையா கிளம்பறது நிக்குது, மஞ்சள் உடலம் பிழைக்குது.

ஆட்டுக் கரு சுரக்கிற ஒரு புரதத்தை மைக்கேல் ராபர்ட்ஸ், ஃபுல்லர் பேசர் இவங்க குழுவினர் நோண்டிக்கிட்டு இருந்தாங்க. 1987ல் அதோட வரிசையைப் படிச்சப்ப, அது வைரஸை எதிர்க்கிற இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு தெரிஞ்சது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரெண்டு பேருக்கும் 2002/3க்கான வுல்ஃப் பரிசு கிடைச்சது. கவனிங்க, இந்த ஜீன் அசைபோடும் விலங்குகள்ல மட்டும்தான் இருக்கு. எலியில் இணை சேர்ந்த தூண்டலே மஞ்சள் உடலத்தைக் காப்பாத்திடும். மனுசக் கரு ஹெச்.சி.ஜி. மூலமா நேரா மஞ்சள் உடலத்துக்கே கட்டளை போடும். அப்புறம் எலியை வெச்சுக்கிட்டு மாட்டோட இந்தச் சிக்கலை எப்படிப் படிப்பீங்க?

அடுத்தது இன்னும் சுவாரசியம். கருவுக்குள்ள எந்த செல் உடலாகணும், எது கருவுணவுப் பை பக்கம் போகணும்னு பிரிக்கிறதுல எஃப்.ஜி.எஃப். சமிக்ஞைக்குப் பெரிய பங்கு. எலிக் கருவுல அந்தப் பாதையை அடைச்சா ரெண்டாவது வகை செல்லே உருவாகாது. 2012ல் வெளியான ஆய்வுல மாட்டுக் கருவுல அதே பாதையை அடைச்சுப் பார்த்தாங்க. ரெண்டாவது வகை குறைஞ்சது, ஆனா ஒழியலை. மனுசக் கருவுல பாதிப்பே தெரியலை. ஆக, "பாலூட்டி விதி" எலியைத் தாண்டினதும் தள்ளாடுது. இந்த விஷயத்துல நமக்கு நெருக்கம் எலியா மாடான்னு நீங்களே சொல்லுங்க.

சரி, இதனால யாருக்கு என்ன? மாடு வெச்சிருக்கறவங்களுக்கு நிறைய இருக்கு. ஊசி போட்டு 21 நாள்ல மாடு திரும்பக் கத்தினா "சினை பிடிக்கலை"ன்னு சொல்றோம். பாதி நேரம் அது பொய். நல்ல கிடாரிகள்ல பத்துக்கு ஒன்பது முட்டை கருவுறுது, ஆனா கன்று வர்றது ஏறத்தாழ பாதிதான். இழப்புல பெரும்பங்கு முதல் 16 நாளுக்குள்ள நடக்குது. அதாவது சினை பிடிச்சது, செய்தி போய்ச் சேரலை. பழி மட்டும் மாட்டு மேலயும் ஊசி போட்டவர் மேலயும் விழுது. ரெண்டு மூணு தடவை இப்படி ஆனா அந்த மாடு போற இடம் உங்களுக்கே தெரியும்.

செய்தி ஏன் சேரலை? மில்லிமீட்டர்ல கால்வாசிகூட இல்லாத கரு, ரெண்டாவது வாரத்துக்கு மேல நூல் மாதிரி நீண்டு, 20ஆம் நாள் நெருங்கும்போது 20 சென்டிமீட்டரைத் தாண்டும். நீளம் கூடினாத்தான் இன்டர்ஃபெரானும் கூடும். அந்த நீட்சிக்கு புரோஜெஸ்டிரோன் வேணும், கருப்பைச் சுரப்பிகளோட நீர் வேணும். சுரப்பி இல்லாம வளர்த்த செம்மறி ஆடுகள்ல கரு நீளவே இல்லைன்னு 2001லயே காட்டிட்டாங்க. இன்னொரு பக்கம், அதிகப் பால் கறக்கிற மாடு நிறைய தின்னும், அதோட கல்லீரல் புரோஜெஸ்டிரோனை வேகமா கழிச்சுடும். பாலுக்காக நாமளே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம், கருவோட குரலை அமுக்குது. கசப்பா இருந்தாலும் இதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

எலிக்கு வக்காலத்து வாங்கறவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. எலி மலிவு, மூணு வாரத்துல குட்டி போடும், மாட்டுக்கு 280 நாள். ஆனா முதல் ஒரு வாரத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. இறைச்சிக்கூடத்துல கிடைக்கிற சினைப்பைகள்ல இருந்து முட்டை எடுத்து, தட்டுலயே ஏழு நாள் கரு வளர்க்கலாம். உண்மையிலேயே கஷ்டமானது அதுக்கு அடுத்த பத்து நாள்தான். பணமும் மூளையும் போக வேண்டியது அங்கே.

என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. எலியில் பார்த்ததை "எலியில்"னே எழுதுங்க. மாடு திரும்பக் கத்தினா "சினை பிடிக்கலை"ன்னு தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, உள்ளே ஒரு கரு தட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கலாம்னு நினைச்சுப் பாருங்க.

கால்நடை மருத்துவம் படிச்ச பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :-)