எல்லோரும் தங்கும் மேஜை

லாஸ் ஏஞ்சலஸ் சீட்டாட்ட விடுதிகளின் லிமிட் ஹோல்டம் போக்கர் மேஜைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "ரெண்டு ஆசு கையில இருந்தும் தோத்துட்டேன்!"

லிமிட் ஆட்டத்தில் எவ்வளவு கட்டலாம் என்பது முன்பே முடிவானது. நாலு-எட்டு மேஜை என்றால் முதல் இரண்டு சுற்றில் நான்கு நான்கு டாலர், அடுத்த இரண்டில் எட்டு எட்டு. இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்டி விரட்ட முடியாது. நான்கு டாலர்தானே என்று ஆறேழு பேர் தங்கிவிடுவார்கள்.

இரண்டு ஆசு 221 கைக்கு ஒரு முறை வரும். ஒரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு எதிரே இருந்தால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். ஒன்பது பேரும் கடைசிவரை இருந்தால் 31 முறைதான். புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பயந்து ஏற்றிக் கட்டாமல் பம்முகிறாரே, அங்கேதான் கோட்டை விடுகிறார். பத்துப் பேர் சமமாகப் போட்ட பணத்தில் அவர் பங்கு பத்தில் ஒன்று; ஜெயிப்பதோ பத்தில் மூன்று. அடிக்கடி தோற்றுக்கொண்டே சம்பாதித்துக் கொடுக்கும் கை அது. மனசு தோல்வியைத்தான் எண்ணி வைக்கிறது.

என் கோபமெல்லாம் வேறு வேறு சின்னத்தில் வரும் ராஜா-ஜாக்கி மேல்தான். பார்க்க லட்சணமான ஜோடி. ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ராஜா, ஒன்பது, நான்கு விழுகிறது. ஜோடி சேர்ந்துவிட்ட குஷியில் நான்கு, எட்டு, எட்டு என்று இருபது டாலர் கட்டிக் கடைசியில் காட்டினால், ஒருவரிடம் ஆசு-ராஜா. இன்னொருவர் எட்டு-ஒன்பதோடு தங்கி இரண்டு ஜோடி செய்திருப்பார். கூட்டத்தில் ஒற்றை ஜோடி நிலைப்பது அபூர்வம்.

கூட்டம் வாழவைப்பது வேறு கைகளை. இரண்டு ஐந்து வந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழுவது எட்டரைக்கு ஒரு முறை. விழாவிட்டால் கவிழ்த்துவிடலாம், நான்கு டாலரோடு போயிற்று. விழுந்தால் கட்ட ஆறு பேர் காத்திருக்கிறார்கள். ஆசும் பத்தும் ஆட்டீனில் வந்து ஃப்ளாப்பில் மேலும் இரண்டு ஆட்டீன் விழுந்தால், ஐந்தாவது ஆட்டீன் வர 35 சதவீதம் வாய்ப்பு. ஐந்து பேர் உடன் கட்டும்போது, கை முடியும் முன்பே ஏற்றிக் கட்டலாம். ஒரு டாலருக்கு ஐந்து டாலர் கூட வருகிறது. அதற்காக ஜாக்கி-மூன்றும் ஆட்டீன் என்பதாலேயே தங்குவது பைத்தியக்காரத்தனம். அது சேர்ந்தாலும் பெரிய ஆட்டீன்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மல்முத், எட் மில்லர் மூவரும் 2004-இல் இந்த மாதிரி மேஜைகளுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார்கள். எந்தக் கையை எந்த இடத்தில் ஆடலாம் என்று அதில் அட்டவணையே உண்டு. ஆனால் முன்னால் ஒருவர் ஏற்றிவிட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

நம்மூர் ரம்மியில் எடுத்த எடுப்பில் டிராப் செய்தாலும் 20 புள்ளி தண்டம். ஹோல்டமில், சீட்டு வரும் முன்பே கட்டாயமாகப் போடும் பிளைண்ட் கட்டாத இடத்தில் இருந்தால் கவிழ்க்கச் செலவே இல்லை. நீங்கள் கவிழ்த்த ஏழு-இரண்டு ஜெயித்திருக்குமே என்று பக்கத்து ஆள் உச்சுக்கொட்டுவார். மறுத்துப் பேசாதீர்கள்; அடுத்த கைக்கும் நான்கு டாலர் போடப்போகிறவர் அவர்தான்.