பளபளப்பா, சாயமா?

காஜாங்கில் அப்பாவின் பழைய யமாஹா ஆர்.எக்ஸ்.ஸெட்டைப் புதுப்பிக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: என்ஜின் மூடியைத் தேய்த்து மெருகேற்றலாமா, சாயம் அடிக்கலாமா?

தினமும் வேலைக்கு ஓட்டும் மோட்டார் என்றால் சாயம்தான் என்பேன். அலுமினியம் காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். 400, 800, 1200 என்று மணல்தாளை மாற்றித் தேய்த்து, பசை போட்டுக் கண்ணாடியாக்கினாலும், நம் மழையிலும் ஈரக்காற்றிலும் அது மங்கும். அடிக்கடி தேய்க்கப் பொறுமை இருந்தால் மட்டுமே மெருகு.

சாயத்துக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போக வேண்டும். அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், அலுமினியத்தையே அரித்துவிடும். சூடு தாங்கும் அடிப்பூச்சு, அதன்மேல் சூடு தாங்கும் சாயம்.

133 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் காற்றில்தான் குளிர்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சாயம் தடித்தால் சூடு வெளியேறுவது குறையும்; சூடு மிஞ்சினால் பிஸ்டன் இறுகிப்போகலாம். அங்கே மெல்லிதாக அடித்தால் போதும்.

தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், தம்பிகளே. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.