தவழாத பிள்ளை



திருப்பூணித்துறையில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு சகோதரி, பதினொரு மாதமான தம் மகனைக் குறித்துக் கேட்டிருக்கிறார். பிள்ளை தவழவில்லை. உட்கார்ந்தவாறே ஒரு காலை மடக்கி, மறுகாலால் தரையை உந்தி, அறை முழுவதும் நகர்கிறான். ஊரிலிருக்கும் மாமியார், “சப்பாணியாகி விடுவானோ” என்று தொலைபேசியில் அழுதாராம்.

மனதைக் குத்தும் சொல் அது. ஆயினும் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றுக்கும் சப்பாணி என்றே பெயர். உட்கார்ந்த குழந்தை இரு கைகளையும் சேர்த்துக் கொட்டி மகிழும் பருவம் அது. அந்தப் பத்தில் தவழ்தலுக்கென்று தனிப்பருவம் கிடையாது. செங்கீரையை அதற்கு அண்மையானது எனலாம், அவ்வளவே.

இக்கால மருத்துவ ஏடுகளும் ஏறத்தாழ அப்படியே. திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் 17 செயல்கள் உள்ளன. கை கொட்டுதல் உண்டு, நடத்தல் உண்டு, தவழ்தல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் நலமான குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, 4.3 விழுக்காட்டினர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவேயில்லை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் 2022இல் தன் பட்டியலிலிருந்து தவழ்தலை நீக்கியது. இதை மறுக்கும் பயிற்சி நிபுணர்களும் உண்டு.

சில பிள்ளைகள் வயிற்றால் ஊர்கின்றனர், சிலர் உருள்கின்றனர், சிலர் இப்படி அமர்ந்தே நகர்கின்றனர். அமர்ந்து நகரும் பிள்ளையைக் குப்புறக் கிடத்தினால் பெரும்பாலும் அழும். தூக்கி நிறுத்த முயன்றால் கால்களை ஊன்றாமல், காற்றில் அமர்ந்திருப்பதுபோல் மடக்கிக்கொள்ளும். இவ்வியல்பு குடும்பவழி வருவதும் உண்டு. ஆகவே சகோதரி தம் கணவர் எப்படி நகர்ந்தார் என்பதை மாமியாரிடமே கேட்கலாம். அழுகை நின்றுவிடவும் கூடும்!

இத்தகைய பிள்ளைகள் தாமதமாக நடப்பது வழக்கம். சிலர் இரண்டு வயதை நெருங்கியே நடப்பர். ஆனால் இதையே காரணமாக்கி வாளாவிருத்தல் ஆகாது. ஒன்பது மாதம் கடந்தும் பிடிப்பின்றி உட்காராமை, ஒரு பக்கத்துக் கையையோ காலையோ மட்டுமே பயன்படுத்துதல், உடல் விறைப்பு அல்லது மிகுந்த துவட்சி, கற்றதை மறத்தல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் செல்லவேண்டும். பதினெட்டு மாதத்தில் தனியே நடக்கவில்லையெனில், நகரும் விதம் எதுவாயினும் காட்டியே ஆகவேண்டும். இச்சகோதரியின் மகன் ஒரு காலாலேயே உந்துவதாகத் தெரிகிறது. அக்காலையும் மாற்றுகிறானா, இரு கைகளாலும் பொருள்களை எடுக்கிறானா என்று இரண்டொரு நாள் கவனிக்கட்டும். எப்போதும் ஒரே பக்கமென்றால் தாமதிக்க வேண்டாம்.

சக்கர நடைவண்டி வாங்கவேண்டாம். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் உருண்டு விழும் ஆபத்தினால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. விளையாட்டுப் பொருளைச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். எட்டி எடுக்கையில் இடுப்பு வலுப்பெறும்.

மற்றொன்று. அமர்ந்து நகரும் பிள்ளைக்குக் கைகள் ஓய்வாயிருக்கும். ஒற்றை அறையில் அடுப்பும் நீர் வாளியும் அருகருகே இருக்கும் வீடுகளில், வாளியை வெறுமையாக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டே மறுவேலை பாருங்கள்.