கல்லுக்கு மரியாதை

திருடன் அகப்பட்டுக் கொள்வானா மாட்டானா என்று கவலைப்பட வைக்கும் கதைகள் எத்தனையோ உண்டு. இந்தக் கதையில் திருடன் யார் என்பதிலேயே தீர்ப்புச் சொல்லத் தயங்கும்படி நேர்கிறது. 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிரான்ஸ் தேசத்தில் வெளிவந்த 'ஓ ருவார் லா-ஓ' என்னும் படம் அத்தகையது. 'மேலே சந்திப்போம்' என்று இந்தப் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

இந்தப் பெயருக்கே தனியாக ஒரு சரித்திரம் உண்டு. 1914 டிஸம்பர் 4-ஆம் தேதி, வாங்ரே என்ற கிராமத்தில், சத்துருவுக்கு முன்னால் பின்வாங்கினார்கள் என்று குற்றம் சாட்டி ஆறு பிரெஞ்சுச் சிப்பாய்களை அவர்களுடைய சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவரான ழான் பிளான்ஷார், சாவதற்கு முன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் விடைபெற்றுக் கொண்ட வார்த்தைகள் இவை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று 1921 ஜனவரி 29-ஆம் தேதி மேல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்பதற்கு அந்த ஆறு பேரும் இல்லை என்பது ஒன்றுதான் குறை!

துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியிருந்த பியேர் லெமேத்ர் என்பவர், அந்த விடைமொழியையே தலைப்பாக வைத்து 2013-இல் ஒரு பெரிய நாவல் எழுதினார். அவ்வருஷமே அதற்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. பிரெஞ்சு இலக்கிய உலகில் அதற்கு மேலான கௌரவத்தைக் காண்பது அரிது. பரிசுத் தொகை எவ்வளவு தெரியுமோ? பத்து யூரோ! (ஆனால் பரிசு பெற்ற புத்தகத்தை ஜனங்கள் லட்சக் கணக்கில் வாங்குகிறார்கள், ஆகவே ஆசிரியருக்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.) நாவலைப் படமாக்கிய டைரக்டர் ஆல்பேர் துய்போன்தெல், கதாநாயகர்களில் ஒருவராகத் தாமே நடித்தும் இருக்கிறார்.

கதை 1918 நவம்பரில் தொடங்குகிறது. யுத்தம் முடியப் போகிறதென்று சிப்பாய்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசி நாளில் சாக யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் பிரதெல் என்னும் லெப்டினெண்டுக்கு இன்னும் கொஞ்சம் கீர்த்தி பாக்கி இருந்தது. இரண்டு சிப்பாய்களை வேவு பார்க்க அனுப்பி, அவர்களை முதுகுப் பக்கம் தானே சுட்டு வீழ்த்தி, ஜெர்மானியர் சுட்டு விட்டார்கள் என்று நம்ப வைத்துத் தாக்குதலைக் கிளப்பி விடுகிறான். உண்மையைக் கண்டுகொண்ட ஆல்பேர் மையார் குண்டு விழுந்த பள்ளத்தில் உயிரோடு மண்மூடிப் போகிறான். அங்கே செத்துக் கிடந்த குதிரையின் வாயிலிருந்த காற்றைச் சுவாசித்துப் பிழைத்திருக்கிறான். அவனைத் தோண்டி எடுத்துக் காப்பாற்றும் எதுவார் பெரிகூர் என்ற இளைஞன், அந்தக் கணத்திலேயே ஒரு வெடிகுண்டுச் சில்லுக்குத் தன் கீழ்த் தாடையைப் பறிகொடுக்கிறான்.

எதுவார் பணக்கார பாங்கரின் பிள்ளை, சித்திரக்காரன். சித்திரம் எழுதும் பிள்ளையைத் தந்தை ஒருநாளும் மதித்ததில்லை. இந்த முகத்தோடு அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறான். ஆல்பேர் வேறொரு செத்த சிப்பாயின் பெயரை அவனுக்கு ஏற்பாடு செய்து கொடுத்து, பாரிஸ் நகரத்தின் ஒரு மூலையில் அவனை வைத்துக் காப்பாற்றுகிறான். எப்படிக் காப்பாற்றுவது? வேலையிலிருந்த காதலி போய் விட்டாள். வேலையும் போய் விட்டது. யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்க்கு அந்நாளில் சர்க்கார் ஒரு சாதாரண உடுப்புக் கொடுத்தது. உடுப்பு வேண்டாமென்றால் ரொக்கமாக 52 பிராங்க். முதுகிலும் மார்பிலும் விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலையும் பிழைப்புத்தான் அவனுக்கு மிச்சம்.

இந்தச் சமயத்தில் தேசம் முழுவதும் ஒரே ஒரு வியாபாரம் மட்டும் அமோகமாக நடந்து கொண்டிருந்தது. அது நினைவுச் சின்ன வியாபாரம். பிரான்ஸில் அந்த யுத்தத்தில் மாண்ட வீரர்கள் 13 லட்சத்துக்கு மேல். 1919 அக்டோபரில், நினைவுச் சின்னம் எழுப்பும் ஊர்களுக்குச் சர்க்கார் மானியம் கொடுப்பதென்று சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களுக்குள் சுமார் 36,000 சின்னங்கள் எழும்பின. சின்னமில்லாத ஊர் அங்கே அபூர்வம். (புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் யுத்த நினைவுச் சின்னமும் இந்த வமிசத்தைச் சேர்ந்ததே. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக எழுப்பப்பட்ட அது 1938-இல்தான் திறக்கப்பட்டது.)

எதுவாரின் மூளை இங்கே வேலை செய்கிறது. விதவிதமான நினைவுச் சிலைகளைச் சித்திரமாக எழுதி, விலைப்பட்டியல் அச்சிட்டு, ஊர் ஊராக அனுப்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்து விடுவது! செய்யப்படாத சிலைகளுக்குப் பணம் வந்து குவிகிறது. வாடிக்கைக்காரர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிள்ளை இறந்து விட்டானென்று எண்ணிக் காலங்கடந்து கலங்கும் அந்தத் தந்தையேதான்.

நிற்க. பிரதெல் என்ன ஆனான் என்று நேயர்கள் கேட்பார்கள். அவனுக்கென்ன குறை! எதுவாரின் தமக்கையை மணந்து, பாங்கரின் மருமகனாகி, யுத்த களங்களில் அவசரமாகப் புதைக்கப்பட்ட பிரேதங்களைத் தோண்டி எடுத்துப் பெரிய மயானங்களில் அடக்கம் செய்யும் கண்டிராக்டைச் சர்க்காரிடம் பெற்று விடுகிறான். தலைக்கு இவ்வளவு என்று கூலி. லாபம் எங்கே கிடைக்கும்? பெட்டியின் நீளத்தில் கிடைக்கும். நாவலில் அவன் வாங்கும் சவப்பெட்டியின் நீளம் ஒரு மீட்டரும் முப்பது சென்டிமீட்டரும். அதாவது நாலேகால் அடி. அதற்குள் அடங்காத சரீரத்தை அடங்கும்படி செய்ய வேண்டியது கூலியாட்களின் பாடு. பெயர்ப் பலகை மாறுகிறது. சில பெட்டிகளில் மண்தான் இருக்கிறது. ஜெர்மானியன் பிரெஞ்சுக்காரன் பெயரில் அடக்கமாகிறான்.

இந்த இரண்டு மோசடிகளில் எது ஆசிரியரின் கற்பனை, எது நிஜம் என்று கேட்டால் பெரும்பாலோர் தவறாகவே சொல்வார்கள். சிலை மோசடிதான் கற்பனை. நம்ப முடியாத அந்த மயான மோசடிக்கோ சரித்திர ஆதாரம் இருக்கிறது. சண்டையில் இறந்தவர்களின் உடலைச் சர்க்கார் செலவில் சொந்த ஊருக்குக் கொண்டுவரலாம் என்று 1920 ஜூலை 31-ஆம் தேதி சட்டமாயிற்று. சுமார் 2,40,000 உடல்கள் அப்படித் திரும்பி வந்தன. அதற்கு முன்பே, பொறுக்க முடியாத தாய் தகப்பன்மார் பணம் கொடுத்து இரவில் ரகசியமாகத் தோண்டச் செய்ததும் உண்டு. தோண்டி எடுக்கும் கண்டிராக்டர்கள் செய்த அக்கிரமங்கள் 1922-இல் பத்திரிகைகளில் சந்தி சிரித்தன. நாவலாசிரியர் அந்தச் செய்தியை இரண்டு வருஷம் முன்னே தள்ளி வைத்துக் கொண்டார், அவ்வளவுதான்.

எதுவாராக நடிக்கும் நவெல் பெரெஸ் பிஸ்கயார்ட் அர்ஜென்டைனாவில் பிறந்தவர். படம் முழுவதும் அவருக்கு வாயும் இல்லை, வசனமும் இல்லை. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள். கோபம், குறும்பு, தந்தையைப் பற்றிய ஆத்திரம் எல்லாம் அந்தக் கண்களுக்குள்ளேயே நடந்து முடிந்து விடுகின்றன. நம் நடிகர்களில் சிலரை இந்தப் படத்துக்கு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்! ஒவ்வொரு காட்சியிலும் அவர் மாற்றிப் போடும் முகமூடிகளைப் பற்றித் தனியே எழுதலாம். அவை வெறும் வேடிக்கையல்ல. முகம் சிதைந்த வீரர்கள் சுமார் 15,000 பேர் அந்த யுத்தத்தில் பிழைத்து வந்தார்கள். அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி பாரிஸில் ஒரு கூடம் அமைத்து, மெல்லிய செப்புத் தகட்டில் முகம் செய்து, அவரவர் தோலின் நிறத்தைத் தீட்டிக் கொடுத்தாள். அவளுடைய முகமூடிகள் இழந்த முகத்தைத் திருப்பித் தர முயன்றன. எதுவாரோ அந்தப் பழைய முகத்தைத் தவிர வேறு எந்த முகத்தையும் அணியத் தயாராக இருக்கிறான்.

பிரான்ஸின் ஸெஸார் பரிசுகள் ஐந்து இந்தப் படத்துக்குக் கிடைத்தன. டைரக்ஷன், திரைக்கதை, ஒளிப்பதிவு, உடை, காட்சி ஜோடனை. எல்லாம் நியாயமானவையே. ஆயினும் ஓரிடத்தில் டைரக்டரோடு எனக்குச் சண்டை உண்டு. நாவலின் முடிவில் தந்தை தாமே ஓட்டி வரும் மோட்டார் வண்டி மகன் மேல் மோதுகிறது. பேச்சுக்கு அவகாசமே கிடையாது. படத்தில் அப்படியில்லை. தந்தையும் மகனும் சந்திக்கிறார்கள், தந்தை மனம் விட்டுப் பேசுகிறார், தழுவிக் கொள்கிறார், அதன் பிறகே மகன் மாடியிலிருந்து பாய்கிறான். கொட்டகையில் கண்ணீருக்குப் பஞ்சம் இராது. ஆனால் உயிரோடிருந்தபோது பிள்ளையை ஏறிட்டுப் பாராமல், செத்தான் என்று கேட்ட பிறகு கல்லில் பெயர் வெட்டப் புறப்பட்ட மனிதருக்கு இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைக்கலாமா? மோட்டார் வண்டி கொடுமையானதுதான். ஆனால் கணக்கை அது சரியாகத் தீர்த்தது.

இன்னொன்று. முன்பணம் அனுப்பிய கிராமங்களைப் படம் அதிகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் பாங்கரின் காசோடு விதவைகளின் சில்லறையும் இருந்திருக்கும் அல்லவா? இரண்டு மோசக்காரர்களையும் நாம் கை தட்டி வழியனுப்புகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சில்லறை நினைவுக்கு வருகிறது.

கதையில் கை சுத்தமான மனிதர் ஒருவர் இருக்கிறார். மயானங்களைப் பரிசோதிக்க வரும் மெர்லேன் என்ற கிழட்டு உத்தியோகஸ்தர். அழுக்குச் சட்டை, பிரமாண்டமான பூட்ஸ், யாரோடும் ஒட்டாத சிடுமூஞ்சி. ஆபீஸில் அவரைச் சகிப்பவர் இல்லை. லஞ்சமாக வந்த நோட்டுக் கட்டை நாவலில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒவ்வொரு நோட்டாகத் தம் ரிப்போர்ட்டில் ஒட்டி, சாட்சியமாக மேலே அனுப்பி விடுகிறார். அதற்காக அவருக்கு எந்த ஊரிலும் சிலை வைக்கவில்லை. கடைசியில் ஒரு யுத்த மயானத்துக்குக் காவல்காரராகப் போய்ச் சேருகிறார்.